கண்மாய்ச் சங்கத்தின் பதிவேட்டில் யார் யார் பெயரை எழுதுவது?

கடைமடை கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் இடைப்பட்ட, வானம் பார்த்த ஊர் எங்களுடையது. எழுபது ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஒரு கண்மாய், அதற்குக் கீழே ஓர் ஊருணி, மற்றபடி மிளகாயும் சோளமும் விளையும் புஞ்சைகள். ஊரின் சொத்து இவ்வளவுதான். கண்மாயின் உள்வாய் (நீர் தேங்கும் பகுதி) முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து சேரும் தண்ணீர் தை பிறப்பதற்குள் காணாமல் போய்விடுகிறது. இளைஞர்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். நானும் பன்னிரண்டு ஆண்டுகள் குவைத்தில் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டுதான் ஊர் திரும்பினேன்.

வெளியூரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசி நான்கு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஜேசிபியை இறக்கிப் பத்து நாளில் வேலையை முடித்துவிடலாம் என்பது அந்தக் குழுவில் பலருடைய எண்ணம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே கண்மாயில் ஒரு சங்கத்தின் பெயரால் வேலை நடந்தது. அதற்கான தகரப் பலகை ரேஷன் கடைச் சுவரில் இன்னமும் தொங்குகிறது, தலைவர் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் வேலை முடிந்த நாளுக்குப் பிறகு அந்தச் சங்கம் ஒரு முறைகூடக் கூடியதில்லை.

எனவே இம்முறை முதலில் சங்கம், பிறகுதான் மண் என்று சொல்லி ஆவணியில் ஒரு கூட்டம் போட்டோம். எங்கள் ஊரில் எதையும் கோயில் மந்தையில் கூடிப் பேசுவதே வழக்கம். உறுப்பினர் பட்டியலுக்காகத் திருவிழா வரி வசூலிக்கும் தலைக்கட்டு நோட்டையே எடுத்து வந்தார்கள். அதில் நூற்றுப் பத்துத் தலைக்கட்டுகள் இருக்கின்றன. கிழக்குத் தெருவின் நாற்பது வீடுகள் இல்லை. அவர்களிடம் கோயில் வரி வாங்குவதில்லை என்பதால் அவர்கள் பெயர் எந்தக் காலத்திலும் அந்த நோட்டில் ஏறியதில்லை. அந்தத் தெருவிலிருந்து ஐந்தாறு பேர் வந்து, மந்தைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டும் ஒருவரும் உட்காரவில்லை. மறுநாள் அவர்களில் ஒருவர் வழியில் என்னை நிறுத்தி, "கம்மாயச் சுத்தம் பண்ணிட்டா எங்க கரிமூட்டத்துக்கு வெறகு எங்கே, ஆட்ட எங்கே ஓட்டுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை மட்டும் கொண்டு சங்கம் அமைப்பதா, ஊரில் குடியிருக்கும் எல்லோரையும் சேர்ப்பதா என்பதே இப்போது எங்கள் சிக்கல். இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வேலையை எந்த வரிசையில் தொடங்க வேண்டும் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

---

பழைய மராமத்து எழுதுகிறார்:

பாசனப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். அதற்கு முன் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறைக்கு உரியது (2021-க்கு முன் பொதுப்பணித் துறை). அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது. நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால் உங்களுடையது ஒன்றியக் கண்மாயாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றியத்தின் எழுத்து வடிவிலான அனுமதி இல்லாமல் சொந்தப் பணத்தில் ஒரு மரத்தை வெட்டினாலும் பின்னால் வழக்கு வரக்கூடும். கிராம சபைத் தீர்மானத்தை முன்வைத்து அனுமதி கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்று பெருமையாகச் சொல்கிறோம். அவற்றை ஊரே பேணிவந்த குடிமராமத்து முறையைப் பற்றியும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் 1858-இலேயே, குடிமராமத்து வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. முறை குலைந்தது நேற்று அல்ல. 2017-இல் அரசு அதே பெயரில் திட்டத்தை மீட்டெடுத்தபோது, மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதிதான். ஆயினும் நான் பார்த்த ஓர் ஊரில் அந்தப் பத்து விழுக்காட்டை வேலையை எடுத்துச் செய்தவரே கட்டிவிட்டார். சங்கத் தீர்மானத்தில் முப்பத்து நான்கு கையெழுத்துகளும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன. உங்கள் ஊர்த் தகரப் பலகைக்குப் பின்னால் என்ன கதையோ, நான் அறியேன்.

இனி வேலை வரிசை. முதலில் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், அடுத்து வயலுக்கு நீர் திறக்கும் மடை, பிறகு மிகுநீர் வழியும் கலுங்கு, அதன்பின் கரை. தூர் வாருவது கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஜேசிபி பள்ளம் பறிப்பதைப் படம் எடுத்துக் குழுவில் போடலாம், கால்வாயில் அரை மைல் நடந்து ஆக்கிரமிப்பை அளந்ததைப் படம் எடுக்க முடியாது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, பள்ளத்திலேயே நிற்கும். ஆடு மாடு குடிக்க அது போதும் என்று தெரிந்தே ஒரு மூலையில் பறித்தால் சரி. தெரியாமல் கண்மாய் முழுக்கப் பறித்துவிட்டு, "நிறைய நிக்குது, வயலுக்கு வரலையே" என்று கேட்பவர்களை எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். ஆகவே மடையின் அடிமட்டத்தைக் கண்டுபிடித்து, அதே மட்டத்தில் உள்வாயில் நான்கைந்து இடங்களில் கல் ஊன்றிச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். இயந்திரம் ஓட்டுபவருக்கு அந்தக் கல்தான் எல்லை. பாண்டிய நாட்டில் குமிழித் தூம்பு என்ற பழைய வகை மடைகளில் நீரோடித் துளை மேலும் சேறோடித் துளை கீழுமாக வைத்தார்கள், வண்டல் தானாகவே வெளியேறியது. நம் காலத்துச் சிமெண்டு மடைகளில் அந்த ஏற்பாடு இல்லை என்பதால் வாரித்தான் ஆக வேண்டும்.

வாரிய வண்டலை வீணாக்காதீர்கள். விவசாயத்துக்கு அதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே இப்போது அனுமதி பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. மிளகாய்ப் புஞ்சைக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது.

இன்னொன்று. உங்கள் கலுங்கில் வழிவது கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. கலுங்கின் மட்டத்தை ஒரு சாண் உயர்த்தினால்கூட அந்த ஊருடன் தகராறு வரும். மேலூர்க்காரர்களையும் கீழூர்க்காரர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுவது நல்லது.

---

மிளகாய்க்காடு எழுதுகிறார்:

மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். ஆயக்கட்டுதாரர்களை மட்டும் வைத்து இந்த ஆண்டு வேலையை முடியுங்கள். தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டமே நீரைப் பயன்படுத்தும் நிலவுடைமையாளர்களைத்தான் சங்கமாகப் பார்க்கிறது. நூறு ஆண்டுகளாகத் தீராத தெருச் சிக்கலைக் கண்மாய்ச் சங்கத்தில் கொண்டுவந்து சேர்த்தால் ஐப்பசி மழை வந்துவிடும், நான்கு லட்சம் வங்கியிலேயே கிடக்கும். எங்கள் பகுதியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலை ஒரேயடியாக ஏறிவிடவில்லை என்றாலும், மாசியில் ஒரு தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தால் காய்ப்பு எவ்வளவு நீளும் என்று விவசாயம் செய்பவனுக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தண்ணீர்.

ஓடந்துறையைப் பாருங்கள், ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது என்று யாராவது எழுதுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஓடும் இடத்தில் செய்ததைச் சராசரியாக 820 மில்லிமீட்டர் மழையை நம்பி, அதுவும் பெரும்பகுதி மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கும் மழையை நம்பி வாழும் ஊருக்கு அப்படியே பாடமாகச் சொல்லக் கூடாது.

---

குழுக்கணக்கு எழுதுகிறார்:

கடைமடைத் தம்பிக்கு, நான் மகளிர் குழுக் கூட்டமைப்பில் இருபத்தோராண்டுகளாகக் கணக்கு எழுதுபவள். மிளகாய்க்காடு அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, காலம் குறைவுதான். ஆனால் ஆயக்கட்டுதாரர் சங்கம் என்பது உங்கள் ஊரில் எட்டு ஆண்டுகளுக்கு முன் அமைத்துப் பார்த்ததுதான். அது ஏன் மறுபடி கூடவில்லை என்பதை அவர் கேட்கவில்லை. நிலம் உள்ளவர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை, இருப்பவர்களுக்கு வேலை முடிந்ததும் கூடுவதற்குக் காரணம் இல்லை. கண்மாயை ஆண்டு முழுவதும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள், ஊருணிக்குக் குடத்தோடு போகும் பெண்கள். கரையில் எலி வளை விழுந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான், அவர்களோ பதிவேட்டில் இல்லை.

இந்த மாநிலத்தில் பெண்கள் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கின. பிறகு மகளிர் திட்டம் வந்தது, 2005-இல் உலக வங்கிக் கடனில் புது வாழ்வுத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் ஊருக்குள் பணம் வருவதற்கு முன் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று நடத்துவோம். தரையில் ஊரின் படத்தை வரைந்து, வீடு வீடாக யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம் என்று ஊர்க்காரர்களே சொல்ல வேண்டும். ஓர் ஊரில் ஆண்கள் கோலமாவை வாங்கி மளமளவென்று வரைந்து முடித்தார்கள். கோயில், பள்ளிக்கூடம், நான்கு தெரு, எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, கிண்ணத்தை வாங்கி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் பதினொரு புள்ளி வைத்துவிட்டு, "இதெல்லாம் வீடு இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். வரைந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் மனத்தில் இருந்த ஊர் கால்வாயோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் தலைக்கட்டு நோட்டும் அப்படிப்பட்ட படம்தான். அது கோயில் வரிக்காக எழுதப்பட்ட கணக்கு. கண்மாய்க்கு அதை எடுத்து வந்ததே பிழை. அந்த நோட்டைத் திருத்தப் போகாதீர்கள், அது வேறு சண்டை. புதிய நோட்டு ஒன்று வாங்குங்கள். ரேஷன் கடையில் உள்ள குடும்ப அட்டைப் பட்டியலே உங்கள் பதிவேடாக இருக்கட்டும். அதில் எந்தத் தெருவும் விடுபடாது, அது அரசு ஆவணம் என்பதால் யாரும் மறுத்துப் பேசவும் முடியாது. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரை உறுப்பினராக எழுதுங்கள். திருப்பூரில் இருப்பவர் பெயர் பட்டியலில் இருந்தாலும் கூட்டத்துக்கு வருபவர் அவருடைய மனைவிதானே, அவருக்கே வாக்கு இருக்கட்டும். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யும்போது நிர்வாகக் குழுவில் தெருவுக்கு ஓர் இடம் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். அதில் ஒன்று கிழக்குத் தெருவைச் சேர்ந்த பெண்ணுடையதாக இருந்தால், மந்தையில் போட்ட நாற்காலியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கூட்டத்தை மந்தையில் வைக்காதீர்கள். உட்கார முடியாத இடத்தில் ஒருவரை உட்காரச் சொல்வது மரியாதை ஆகாது. பள்ளிக்கூடத் திண்ணையோ ரேஷன் கடை வாசலோ போதும், அங்கே எல்லோரும் வழக்கமாகவே வரிசையில் நிற்கிறார்கள்.

விறகு கேட்டவருக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2017-இன் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் சீமைக் கருவேலத்தை வேகவேகமாகப் பிடுங்கிய மாதங்களில், அந்த மரம் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று எல்லோரும் பேசினோம். நம் மாவட்டத்தில் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடிக்கும் குடும்பங்கள் எத்தனை என்று ஒருவரும் பேசவில்லை. மரத்தை வெட்டும் வேலையையும் வெட்டிய விறகையும் முறைப்படி அந்தத் தெருவுக்கே கொடுப்பதற்கு ஒன்றியத்திடம் பேசிப் பாருங்கள். வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழையில் நான்கு கிளையாகத் துளிர்க்கும் என்பதால், ஆண்டுதோறும் முளைக்கும் கன்றைப் பிடுங்கும் பொறுப்பும் கூலியும் அவர்களுக்கே போகட்டும். இயந்திரம் பத்து நாளில் முடிப்பதைக் கைவேலை இரண்டு மாதத்தில் முடிக்கும். ஆனால் மூன்றாவது ஆண்டும் கண்மாய் சுத்தமாக இருக்கும்.

நான்கு லட்சத்தையும் ஒரே ஆண்டில் செலவழிக்காதீர்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையினர் நெடுங்காலமாகக் கண்மாய் விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் அமைத்து வருகிறார்கள். பராமரிப்புக்கென்று ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியை ஆண்டுச் செலவுக்கு எடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கையும் ஊராட்சியின் ஒப்புதலோடு அதில் சேர்க்க முடிந்தால் சங்கத்துக்குக் கூடுவதற்கு ஒரு காரணம் நிரந்தரமாக இருக்கும். மாதம் ஒரு முறை கணக்கை உரக்க வாசியுங்கள். டீ வாங்கிய அறுபது ரூபாய் உட்பட.

---

கடைமடை எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அச்செடுத்து ஊரில் ஐந்தாறு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். மிளகாய்க்காடு ஐயா சொன்னதைத்தான் பலரும் முதலில் சொன்னார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சைத் திருப்பியது பழைய மராமத்து ஐயா சொன்ன மடை அடிமட்டம். அந்த மட்டம் எங்கே இருக்கிறது என்று தேடப் போனோம். இரண்டு மடைகளில் ஒன்று மண்ணில் புதைந்து, மேல்கல் மட்டும் தெரிகிறது. அதன் ஆழம் என்ன என்று ஆயக்கட்டில் நிலம் உள்ள ஒருவருக்கும் தெரியவில்லை. வயதான ஒருவர்தான், நீர்பாய்ச்சியைக் கேளுங்கள் என்றார். எங்கள் ஊரில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி வாங்கிக்கொண்டு, மடை திறந்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய கடைசி நீர்பாய்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் வீடு கிழக்குத் தெருவில். கூலி நெல் கொடுப்பது நின்றுபோய் இருபது ஆண்டுகள் ஆகின்றன, அவரிடம் யாரும் எதுவும் கேட்டும் இருபது ஆண்டுகள் ஆகின்றன. நான் போய்க் கேட்டபோது, மேல்கல்லிலிருந்து தன் உயரத்துக்கு ஒரு முழம் குறைவு என்று கையை உயர்த்திக் காட்டினார். பிறகு, வரத்துக் கால்வாயில் இரண்டாவது வளைவில் ஒரு பக்கம் வரப்பைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், அதை எடுக்காமல் நீங்கள் என்ன வாரினாலும் தண்ணீர் வராது என்றும் சொன்னார். தள்ளிக் கட்டியவர் பழைய சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஒருவர். அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

புதிய நோட்டு வாங்கிவிட்டோம். குடும்ப அட்டைப் பட்டியலைப் பார்த்து நூற்று ஐம்பத்து மூன்று வீடுகள் எழுதியிருக்கிறோம். கோயில் கணக்கைப் பார்ப்பவர்கள் சிலர் வருத்தத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். மூன்று லட்சத்து அறுபதாயிரம் இருக்கிறது.

---

பழைய மராமத்து எழுதுகிறார்:

கால்வாய் ஆக்கிரமிப்பை நீங்களே அகற்றாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி, நில அளவையருக்கு மனுச் செய்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். அளக்கும் நாளில் அந்த நீர்பாய்ச்சி உடன் இருக்கட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் கால்வாய், மடை, மர அகற்றல் மூன்றுக்கும் தனித்தனித் தீர்மானம் எழுதச் சொல்லி, தீர்மான எண்ணோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மழைக்கு முன் கால்வாயும் ஒரு மடையும் முடிந்தாலே போதும். தூர் வாருவது அடுத்த கோடையில்.

---

குழுக்கணக்கு எழுதுகிறார்:

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நூற்று ஐம்பத்து மூன்று வீட்டில் எத்தனை வீட்டுக்குப் பெண் பெயர் எழுதியிருக்கிறீர்கள்? நீர்பாய்ச்சிக்குக் கூலி என்ன என்று முடிவாயிற்றா?

---

கடைமடை எழுதுகிறார்:

அறுபத்தொரு வீட்டுக்குத்தான் எழுதியிருக்கிறோம், அக்கா. மீதி வீடுகளுக்கு என் மனைவியும் கிழக்குத் தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்கள். கூலி இன்னும் பேசவில்லை. அவர் பணமாக வேண்டாம், பழையபடி நெல்லாகக் கொடுங்கள் என்கிறார், நெல் விளைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத் திண்ணையில் கூடுகிறோம், முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.